ஏர் ஃபோர்ஸ் 1: கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

[காட்சி: வெள்ளை ஷூ, பக்கவாட்டில்]

வணக்கம். நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1 வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் சைஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஷூவில் தப்பு நடப்பது அங்கேதான். இதன் அளவு கொஞ்சம் தாராளமானது, அதனால் பாதம் ஒடுக்கமாகவோ சராசரியாகவோ இருந்தால் அரை சைஸ் குறைத்துப் போட்டுப் பாருங்கள், அகலமான பாதம் என்றால் வழக்கமான சைஸே போதும். மாலையில் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தினமும் போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: லேஸ் கட்டும் கை]

காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, பின்னால் நன்றாகப் பதிந்த பிறகு லேஸைக் கட்டி நடங்கள். குதிகால் மேலே எழும்பி எழும்பி இறங்கினால் அந்த சைஸ் வேண்டாம். முன்பக்கம் தொளதொளவென்று இருந்தாலும் வேண்டாம், பத்தே நாளில் விரலுக்கு மேலே லெதர் ஆழமாக மடிந்துவிடும், பார்க்கவே மனசு கேட்காது.

சரி, சொகுசு? 1982-இல் புரூஸ் கில்கோர் இதை வடிவமைத்தது கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்காக. காற்றுப் பை வைத்து வந்த நைக்கியின் முதல் கூடைப்பந்து ஷூ இது. குதித்து இறங்கும்போது குதிகாலில் விழும் அடியைத் தாங்கத்தான் அந்தப் பை, அதனால் ஓட்டத்துக்கான ஷூ மாதிரி மெத்தென்று அமுங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கனமாகவும் இருக்கும். திருப்பிப் பாருங்கள், அடியில் வட்டம் வட்டமாக இருக்கிறதே, ஒரு காலை ஊன்றிச் சட்டென்று சுழல்வதற்காக வைத்தது அது, எனக்கு இந்த ஷூவிலேயே ரொம்பப் பிடித்த இடம்! மேலே துளைகள் இருந்தாலும் வெயிலில் கால் வியர்க்கும்.

[காட்சி: தளர்ந்த பேன்ட், பிறகு ஒட்டிய பேன்ட்]

அப்புறம் தோற்றம். 1980-களில் நைக்கி இதை நிறுத்தப் பார்த்தபோது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மூன்று கடைக்காரர்கள் புதுப்புது நிறத்தில் கேட்டு வாங்கி விற்றுத்தான் இது பிழைத்தது. ஆட்டக்களத்தை விட்டுத் தெருவுக்கு வந்த ஷூ, அதனால் உடையோடு சேர்த்தே பாருங்கள். சோல் தடிமன். காலோடு ஒட்டிய பேன்ட் போட்டால் பாதம் மட்டும் பெரிதாகத் தெரியும், கொஞ்சம் தளர்ந்து ஷூவின் மேல் விழுகிற பேன்ட் போட்டால் அதே தடிமன் அழகாகிவிடும். கடைக்கும் அந்தப் பேன்ட்டோடேயே போய், கண்ணாடியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.