நெட்டிலிங்கம் வெச்சா ஹைவே சத்தம் நின்னுடுமா?

(ஸ்க்ரீன் இருட்டு. லாரி ஒண்ணு கடந்து போற சத்தம் மட்டும், பின்னாடியே ஏர் ஹாரன்.)

கேட்டீங்களா, இது எங்க வீட்டு ஹால்ல உக்காந்து போன்ல எடுத்தது, ராத்திரி பதினொன்றரை இருக்கும். செங்கல்பட்டு தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுல இருந்து ஒரு 80 அடி உள்ள வீடு. இடம் வாங்குறப்போ "மெயின் ரோடு சார், பஸ் ஏற நடக்கவே வேணாம்"னு சொன்னாங்க, அது உண்மைதான், ஆனா கிளாம்பாக்கத்துல கெளம்புற ஆம்னி பஸ் எல்லாம் நம்ம தலைமாட்டு வழியாத்தான் திருச்சி போகும்னு யாரும் சொல்லல.

சரி, சத்தத்துக்கு என்ன பண்ணோம்? எல்லாரும் பண்றதைத்தான். நர்சரிக்கு போய் நெட்டிலிங்கம் 20 கன்னு வாங்கி காம்பவுண்ட் ஓரமா ரெண்டு அடிக்கு ஒண்ணுன்னு நட்டோம். நாலு வருஷம் தண்ணி ஊத்தி வளத்து, 15 அடிக்கு பச்சையா சுவர் மாதிரி நின்னுச்சு, பாக்க ஜம்முனு இருந்துச்சு. சத்தம்? அப்படியே இருந்துச்சு. இலைக்கு நடுவுல காத்து போகுதுன்னா சத்தமும் போகும், அவ்ளோதான் விஷயம், ஆனா இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

மரத்தால சத்தம் குறையவே குறையாதான்னா, குறையும். அமெரிக்க ஃபெடரல் ஹைவே நிர்வாகம் சொல்ற கணக்கு என்னன்னா, உள்ள பார்வையே நுழையாத அளவுக்கு அடர்த்தியா, உயரமா, 200 அடி அகலத்துக்கு மரமும் புதரும் இருந்தா 10 டெசிபல் (சத்தத்தை அளக்குற அலகு) குறையும். 10 டெசிபல் குறைஞ்சா நம்ம காதுக்கு சத்தம் ஏறக்குறைய பாதியா தெரியும். ஆனா 200 அடி அகலம்ங்க! எங்க பிளாட்டே ஒரு கிரவுண்டு, 40க்கு 60. காட்டை எங்க வளக்குறது.

டெசிபல் பத்தி ஒரு நிமிஷம், ஏன்னா இது புரியலன்னா எல்லா விளம்பரத்துலயும் ஏமாறுவோம். ரோட்டுல ஓடுற வண்டில சரிபாதியை நிறுத்திட்டா எத்தன டெசிபல் குறையும்னு நெனைக்கிறீங்க? வெறும் 3. அது காதுக்கு லேசா தெரிஞ்சா உண்டு. அதனால "3 டெசிபல் குறைக்கும்"னு யாராவது பெருமையா சொன்னா பர்ஸை உள்ள வெச்சிடுங்க. நம்ம நாட்டு சத்த விதி 2000ல வந்தது, குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் 45. ஹைவே ஓரத்துல 45ஆ, சிரிப்புதான் வருது.

(ஸ்க்ரீன்: வெள்ளைப் பேப்பர். இடது பக்கம் லாரி டயர், வலது பக்கம் நாற்காலில ஒரு ஆள், நடுவுல ஒரு கோடு.)

இப்ப சுவருக்கு வருவோம், இதுதான் முக்கியம். வண்டி வேகமா போறப்போ வர்ற சத்தத்துல பெரும்பங்கு இன்ஜின் இல்ல, டயர் ரோட்டுல உரசுற சத்தம். காருக்கு ஒரு 50 கிலோமீட்டர் வேகம் தாண்டினாலே டயர்தான் ஜெயிக்கும். அதாவது சத்தம் தரையை ஒட்டி பொறக்குது. உங்க காதுல இருந்து அந்த டயருக்கு ஒரு நேர் கோடு போடுங்க. சுவர் அந்தக் கோட்டை வெட்டினா சுமார் 5 டெசிபல் குறையும், அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு மீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை. கோட்டை வெட்டலன்னா நீங்க கட்டினது சத்தத்துக்கான சுவர் இல்ல, ஆடு மாடு வராம இருக்க கட்டினது.

எங்க கணக்கு இது: ரோடு 80 அடி தள்ளி, சுவர் வீட்டுல இருந்து 16 அடி. கீழ ஹால்ல உக்காந்தா அந்த நேர் கோடு சுவர்கிட்ட வர்றப்போ மூணரை அடி உயரத்துலதான் போகுது, அப்போ 8 அடி சுவர் தாராளமா வெட்டிடும். மாடி பெட்ரூம்ல அதே கோடு 11 அடிக்கு மேல போகுது, 8 அடி சுவர் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இதை கட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல போட்டு பாருங்க, கட்டிட்டு மாடில போய் நின்னு திட்டாதீங்க. இன்னொண்ணு, சுவர் ரோட்டை ஒட்டி இருக்கணும் இல்ல வீட்டை ஒட்டி இருக்கணும், ரெண்டுக்கும் நட்டநடுவுல கட்டினா அதே உயரத்துக்கு பலன் கம்மி.

எதுல கட்டுறதுன்னு கேட்டா, கனம்தான் வேணும், சதுர மீட்டருக்கு 20 கிலோவாவது இருக்கணும். செங்கல், சாலிட் பிளாக் எல்லாம் இதை ஈசியா தாண்டிடும். தகர ஷீட்? அரை மில்லி ஷீட் சதுர மீட்டருக்கு 4 கிலோ கூட வராது, அதுக்கு மேல காத்தடிச்சா அதுவே தடதடன்னு ஆடி புதுசா ஒரு சத்தம் குடுக்கும். பக்கத்து தெருவுல ஒருத்தர் பச்சை ஷேட் நெட்டை ரெண்டு மடிப்பா கட்டி வெச்சிருக்காரு, பாவம், வெயிலுக்கு நல்லது.

அப்புறம் ஓட்டை. இதுல கோட்டை விட்டது நான். 8 அடிக்கு பிளாக் சுவர் எழுப்பிட்டு நடுவுல 12 அடிக்கு கம்பி கேட் போட்டேன், அழகா இருக்கும்னு. சத்தம் ஜாலியா கேட் வழியா வந்துச்சு. அப்புறம் கேட்டுக்கு உள்பக்கம் கனமான இரும்புத் தகடு வெல்டிங் பண்ணி, அடில தரைக்கும் கேட்டுக்கும் நடுவுல இருந்த ரெண்டு இன்ச் இடைவெளிக்கு கனமான ரப்பர் பட்டை தொங்க விட்டதுக்கு அப்புறம்தான் வித்தியாசமே தெரிஞ்சுது.

நீளமும் ஒரு தொல்லை. வீட்டுக்கும் சுவருக்கும் எவ்ளோ தூரமோ அதுல நாலு மடங்கு ரெண்டு பக்கமும் சுவர் நீளணும்னு ஒரு கணக்கு இருக்கு. எனக்கு 16 அடி, அப்போ ஒவ்வொரு பக்கமும் 64 அடி. என் பிளாட் அகலமே 40தான். நான் நடு பிளாட்டுங்கறதால ரெண்டு பக்கத்து வீட்டு அண்ணன்ங்களையும் உக்கார வெச்சு இதே பேப்பரை காட்டி, மூணு பேரும் சேந்து 120 அடிக்கு ஒரே சுவரா எழுப்பினோம். ஓரத்து வீடு ரெண்டுக்கும் வெளிப்பக்க சைடுலயும் சுவரை கொஞ்ச தூரம் மடக்கி உள்ள கொண்டு வந்தோம், இல்லன்னா முனைய சுத்திக்கிட்டு சத்தம் வரும். 8 அடி சுவர் காத்துக்கு நிக்கணும், அதனால நடுநடுவுல தூண் போட்டு இன்ஜினியரை பாக்க வெச்சுத்தான் கட்டினோம்.

நெறைய இடம் இருக்கறவங்களுக்கு சுவரை விட மண்மேடு நல்லது. அதே உயரத்துக்கு சுவரை விட இன்னொரு 3 டெசிபல் கூடுதலா குறைக்கும், ஏன்னா மண்ணும் புல்லும் சத்தத்தை கொஞ்சம் முழுங்கிடுது. ஆனா சரிவு சரியாம நிக்கணும்னா 10 அடி மேட்டுக்கு அடில 40 அடி அகலம் கேக்கும். ஐப்பசி மழைல கரையாம இருக்க வெட்டிவேர் நடலாம், வேர் ஆழமா போய் மண்ணை புடிச்சுக்கும். எனக்கு இதுல ஒரு ஆதங்கம் இருக்கு. பெரிய லேஅவுட் போடுறப்போ 10 சதவீதம் ஓஎஸ்ஆர்னு பொதுவுக்கு திறந்த வெளி இடம் விடுறாங்கல்ல, அதை எங்கயோ மூலைல விடாம ரோட்டுப் பக்கம் நீளவாக்குல விட்டு மேடு போட்டு மரம் நட்டா அத்தன வீட்டுக்கும் சேத்து வேலை முடிஞ்சுது.

நம்ம ஊர்ல ஹைவேக்கு சத்தத் தடுப்பு போட்டதே இல்லையான்னா, போட்டிருக்காங்க. மத்தியப் பிரதேசத்துல பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியா போற என்எச் 44ல, மேல வண்டி, கீழ மிருகங்க போக பாதை, ரோட்டோரத்துல சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் காட்டுக்குள்ள போகாம தடுப்பு. புலி நிம்மதியா போகட்டும், நல்ல விஷயம்தான், நான் பொறாமை எல்லாம் படல.

(ஸ்க்ரீன்: பெரிய அலை ஒண்ணு சுவருக்கு மேல வளைஞ்சு இறங்குது, சின்ன அலை முட்டி திரும்புது.)

சுவர் கட்டினா மொத்தமா அமைதியாயிடும்னு நெனைக்காதீங்க. டயரோட இரைச்சல், ஹாரனோட கீச்சு எல்லாம் நல்லா குறையும், அதோட அலை சின்னது, ஆயிரம் ஹெர்ட்ஸ்னா, அதாவது நொடிக்கு ஆயிரம் அதிர்வுன்னா, அலையோட நீளம் ஒரு அடிக்கு கொஞ்சம் மேல. லாரி உறுமுற அந்த கனத்த சத்தம் 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதோட அலை 11 அடி, அது 8 அடி சுவரை வளைஞ்சு இறங்கி வந்துடும். அதே மாதிரி ராத்திரி தரை குளுந்து மேல காத்து வெதுவெதுன்னு இருக்கறப்போ மேல போற சத்தமும் கீழ வளைஞ்சு வரும், அதனாலதான் விடியக்காலைல தூரத்து ரயில் கூட பக்கத்துல கேக்கும். அன்னைக்கு சுவர் கொஞ்சம் தோத்துடும். ஏர் ஹாரனுக்கு சுவர் மருந்து இல்ல, பல குரல்ல அலர்ற ஹாரன் மோட்டார் வாகன விதி 119லயே தடை, அதை புடிக்கிறது போலீஸ் வேலை.

அப்போ மரம் வேண்டவே வேண்டாமா? வேணும், சுவருக்கு அப்புறம். வண்டி கண்ணுல படலன்னா அதே சத்தத்துக்கு எரிச்சல் கம்மியாத்தான் இருக்கு, எங்க அம்மாவே சொன்னாங்க. நெட்டிலிங்கத்தை வெட்டல, பழைய காம்பவுண்டை ஒட்டி உள்பக்கமாத்தான் புது சுவர் வந்துச்சு, மரம் வெளியில நிக்குது. உள்ள பேவர் பிளாக்கை பேத்து எடுத்துட்டு புல்லு போட்டு ஓரமா புங்கன் வெச்சோம், கல்லு தரை சத்தத்தை எகிற விடும், மண்ணு தரை கொஞ்சம் உறிஞ்சும். சீக்கிரம் வளரும்னு நர்சரில கோனோகார்பஸ் தள்ளி விடுவாங்க, வாங்காதீங்க, குஜராத்ல 2023லயே தடை பண்ணிட்டாங்க.

எங்க வீட்டுல இப்போ ஹால்ல டிவி வால்யூம் ஏழெட்டு பாயிண்ட் கம்மியா வெச்சு பாக்குறோம். மாடிக்கு மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, ஜன்னலை சாத்தினா ஓரளவுக்கு பரவால்ல, ஆனா சித்திரை மாசம் எப்படி சாத்துறது. அதனால கட்டிலை எல்லாம் கீழ எறக்கிட்டு மாடி ரூம்ல அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் போட்டு வெச்சிருக்கோம்.