வரி நோட்டில் அப்பா பெயர்

சரி, கேட்கிறதா? மைக் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் வரும், அது கீழ்க் கோலியில், அதாவது கீழ் ரூமில், ஓடும் தையல் மெஷின். நிறுத்தச் சொல்ல முடியாது, தைக்கிறவர் பிழைப்பு அது. தாராவியில் சத்தமில்லாமல் வீடியோ எடுக்க வேண்டுமென்றால் ராத்திரி மூன்று மணிக்குத்தான் எடுக்கணும்.

ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. வயல், பனங்காடு, கிடாய் வெட்டு எல்லாம் பார்க்கலாம் என்று காத்திருப்பீர்கள், அதெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், தனியாகப் போடுகிறேன். இன்றைக்குச் சொல்ல வந்தது ஊர்க் கோயில் வரி நோட்டைப் பற்றி.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அப்பா சாகும் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் சொல்வார், 2019-லேயே அது தென்காசி மாவட்டமாகிவிட்டது, ஆனாலும் தாராவியில் இருக்கிற எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இன்னும் ‘திருநெல்வேலி’தான். நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கே. இதற்கு முன்னால் ஊருக்குக் கடைசியாகப் போனபோது எனக்குப் பதினோரு வயது.

போன வருஷம் வீட்டுக் காகிதம் தேடிக்கொண்டிருந்தேன். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக 2024-இல் வீட்டுக் கணக்கெடுப்பு ஆரம்பித்ததிலிருந்து எல்லார் வீட்டிலும் இதே வேலைதான், 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்தே இங்கே குடியிருக்கிறோம் என்று காட்டணும், அதனால் பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று ஒவ்வொரு வீட்டிலும் பரணை இறக்குகிறார்கள். எங்கள் வீட்டுச் சூட்கேஸில் கரண்ட் பில்லுக்கு அடியில் ஒரு ரசீதுக் கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. ரப்பர் பேண்ட் இளகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. எல்லாம் ஊர்க் கோயில் கொடைக்கான வரி ரசீது. 1989-இல் அறுபது ரூபாய். கடைசி ரசீது மூவாயிரம். ‘தலைக்கட்டு 1’ என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடை என்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா. சுடலைமாடன், அம்மன் கோயில்களில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். செலவை ஊரே பிரித்துக்கொள்ளும், ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு, ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. மும்பையில் இருந்தாலும் வரி உண்டு. என் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மாமா ரசீதுப் புத்தகத்தோடு வருவார், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் முன்னால் உட்காருவார். அப்பா போய் நாலு வருஷம். அந்த மாமாவும் வருவதில்லை. அவர் வராமல் போனதை நான் கவனிக்கவே இல்லை என்பது அந்தக் கட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அப்புறம் என்ன, டிக்கெட் போட்டேன். தாதரில் ராத்திரி ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகல், மூன்றாம் நாள் காலையில் திருநெல்வேலி. கொடை சித்திரைக் கடைசியில். இதில் ஒரு வேடிக்கை, எங்கள் ஊரில் கொடைக்கு நாள் குறிக்கும்போது மும்பைப் பள்ளிக்கூடங்களுக்கு எப்போது லீவு என்று கேட்டுத்தான் குறிக்கிறார்களாம். நான் ஊரின் வழக்கத்தைப் பார்க்கப் போனால், ஊர் எங்கள் ஸ்கூல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

தங்கினது அத்தை வீட்டில், அப்பாவின் அக்கா. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். வாசலில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, “ஏட்டி, அப்பன் மூஞ்சி அப்படியே இருக்கே” என்றார். தெருவில் மற்ற எல்லாருக்கும் நான் ‘மும்பைப் பிள்ளை’. பொங்கலுக்கு நாங்கள் தாராவியில் 90 அடி ரோட்டிலேயே அடுப்பு மூட்டி வரிசையாகப் பானை வைப்போம் என்று சொன்னேன், அத்தை நம்பவில்லை. “ரோட்டிலயா? பஸ்ஸு எப்படிப் போவும்?” போனில் வீடியோவைக் காட்டிய பிறகு, “நீங்க எங்கள விட ஊர்க்காரவோதான்” என்று சிரித்தார். உண்மையிலேயே எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமை ஒரு நாள்தான் தாங்கியது, அதைச் சொல்கிறேன்.

கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது. வெள்ளையடித்த பூடங்கள், அதாவது பீடங்கள்தான் சாமி, உயரமாக, மேலே போகப் போகக் குறுகி. அதற்குத்தான் சந்தனம், பிச்சிப்பூ, அலங்காரம் எல்லாம். ஒரு பந்தலில் வில்லுப்பாட்டு, அந்தப் பக்கம் கணியான் கூத்து. கணியான் கூத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அண்ணாவி கதை பாடுகிறார், இரண்டு ஆண்கள் புடவை கட்டிச் சலங்கையோடு ஆடுகிறார்கள், பின்னால் இரண்டு மகுடம். வட்டமான பறை மாதிரி இருக்கும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பந்தலுக்குப் பின்னால் ஒருவர் காய்ந்த ஓலையைக் கொளுத்தி மகுடத்தைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தார். தோல் தீயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். திருப்பித் திருப்பிக் காட்டுகிறார், நடுவில் விரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்கிறார், மறுபடியும் தீ. முதலில் ‘தொப்’பென்று ஈரத்துணி மாதிரி இருந்த சத்தம் பத்து நிமிஷத்தில் ‘டண்’ணென்று எழுந்துவிட்டது. நான் கேமராவை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் கையில் கொடுத்து, “தட்டிப் பாரும்மா” என்றார். தட்டினேன். தோலின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அந்த ஷாட்டில் கேமரா தரையைத்தான் எடுத்திருக்கிறது, கால்களும் சாம்பலும்தான் தெரியும், ஆனால் சத்தம் இருக்கிறது, அப்படியே போடப் போகிறேன்.

மறுநாள் காலையில் வரி கட்டலாம் என்று மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கோயில் வாசலில் ஒரு மேஜை, சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. நோட்டு வைத்திருந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. நல்ல மனிதர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ‘மும்பை’ என்று தனிப் பக்கமே இருக்கிறது. நான் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான், அதனால் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினேன். அப்பா பெயர் இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் இரண்டு வார்த்தை. வா-ரி-சு. வாரிசு. இ-ல்-லை.

நான் ஒரே பிள்ளை.

பெரியப்பா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அது அப்படி இல்லம்மா, ஆம்பளைப் பேருக்குத்தான் தலைக்கட்டு, அதான் மொறை. நன்கொடைன்னா எழுதிக்கிடுதேன், ஒம் பேர்லயே எழுதுதேன், மைக்ல சொல்லச் சொல்லுதேன்.” நன்கொடையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நன்கொடைப் பக்கத்தில் எனக்கு முந்தின பெயர் பஸ் ஸ்டாண்ட் செல்போன் கடை. வரி கொடுப்பவர்தான் வரிதாரர், பிரசாதப் பை அவருக்கு, ஊர்க்கூட்டத்தில் பேச்சு அவருக்கு. ரூபாய் அதே ரூபாய்தான், போகிற பக்கம்தான் வேறு.

சண்டை போட்டேன் என்று நினைக்காதீர்கள். போடவில்லை. நன்கொடை என்றே கொடுத்தேன், ரசீது வாங்கினேன், இதோ பாருங்கள். கோபம் வந்தது அப்புறம்தான், அதுவும் பாதி என் மேலேயே. இங்கே வீட்டுக்குக் காகிதம் கேட்டபோது அப்பா வைத்துவிட்டுப் போனதை எடுத்துக் காட்டினேன், எல்லாம் சரியாக இருந்தது. அங்கே முப்பது வருஷத்து ரசீதைப் பையில் கொண்டுபோயிருந்தும் அதை எடுக்கவேயில்லை, எடுத்தும் பிரயோசனமில்லை என்று அந்த இரண்டு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். பெரிய சட்டியில் படைப்புக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “எனக்கே எழுதல, ஒனக்கு எங்க எழுத” என்றார். அறுபது வருஷமாக அதே தெருவில் இருக்கிறவர். மூன்று நாளும் கோயில் சமையலுக்குக் கீரை, மாவு, விறகு எல்லாம் அவரும் அவர் வயசுப் பெண்களும்தான். நான் மும்பையிலிருந்து வந்ததால்தான் என்னைச் சேர்க்கவில்லை என்று மத்தியானம் முழுக்க மனசுக்குள் வசனம் பேசிக்கொண்டிருந்தேன், வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அத்தையே கேட்டார், “நீ கேட்டதுக்கு அவன் மொகம் எப்படிப் போச்சி?” சொன்னேன். கீரை உருவும்போது இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ராத்திரி சாமி வேட்டைக்குப் போகும், அதாவது சாமியாடுகிறவர் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போவார். பெண்கள் யாரும் பின்னால் போகக் கூடாது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம், பந்தம் பனைகளுக்கு நடுவே மறைந்து மறைந்து போவது தெரிந்தது, அவ்வளவுதான் என்னிடம் ஃபுட்டேஜ். மைக்கில் நன்கொடை வாசித்தார்கள், செல்போன் கடைக்கு அடுத்து நான். அத்தை என் தொடையில் தட்டி, “ஒம் பேருட்டி” என்றார்.

முந்தாநாள் அத்தை போன் செய்தார். கொடைக் கணக்கு முடிக்க ஊர்க்கூட்டம் போட்டார்களாம், பெண்கள் வழக்கமாக அதற்குப் போவதில்லை. இவர் டீ கொடுக்கிற சாக்கில் போய், ரெண்டு பேருக்கு வரி எழுத எவ்வளவு ஆகும் என்று கேட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லையாம். “சொல்லலன்னா என்ன, காதுல விழுந்திருக்கும்லா” என்றார்.

அடுத்த கொடைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ரயில் டிக்கெட் இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, லீவு சமயத்தில் திருநெல்வேலி வண்டி எப்படித் தீரும் என்று தாராவிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நாள் தெரிந்ததும் இங்கேயே சொல்கிறேன். பேட்டரி சிவப்பாகிவிட்டது, வைக்கிறேன்.