சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு எந்த பேண்டிலிருந்து தொடங்கலாம்?

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்.

"எங்கள் வீட்டில் எப்போதும் சினிமாப் பாட்டுதான். சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டேன், கல்யாணத்தோடு விட்டுப்போயிற்று. மகன் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவன் கேட்பதெல்லாம் வெளிநாட்டு பேண்ட். ஹெவி மெட்டல் என்கிறான். எனக்கு இரைச்சலாகத்தான் கேட்கிறது. ஆனால் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது பார்த்தால், அதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றுகிறது. நான் எங்கே தொடங்குவது? உங்களுக்குப் பிடித்த குழுக்களை வகைக்கு ஒன்றாகச் சொல்லுங்களேன்."

அம்மா, அந்தக் கடைசிக்கு முந்தின வரிகள் இருக்கின்றனவே, அவற்றுக்காகவே இந்தக் கேள்வியை எடுத்தேன். மகன் முகத்தைப் பார்த்து, அவன் கேட்கும் பாட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்கள். இதற்கு மேல் உங்களுக்கு வேறு தகுதி எதுவும் வேண்டாம்.

பெயர்களுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சினிமாப் பாட்டில் நாம் குரலைப் பிடித்துக்கொண்டு போகிறோம். யார் பாடினார், யார் இசை, யார் எழுதினார் என்றெல்லாம் தெரியும். அதே பாட்டில் அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. பேண்டில் நிலைமை வேறு. நாலைந்து பேர் வருடக்கணக்கில் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுக் கேட்டுப் பாட்டை உண்டாக்குகிறார்கள். குரல் அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சில குழுக்களில் குரலே கிடையாது. அங்கே போய்க் குரலை மட்டும் தேடினால் மீதியெல்லாம் இரைச்சலாகிவிடும். எனக்கும் பதினேழு வயதில் அப்படித்தான் இருந்தது. அதனால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு வாத்தியத்தைக் காட்டுகிறேன். முதல் தடவை அதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

முதலில் ஜாஸ். டேவ் புரூபெக் குவார்ட்டெட் என்ற அமெரிக்க நால்வர் குழு. 1959இல் வந்த 'டைம் அவுட்' என்ற இசைத்தட்டில் 'டேக் ஃபைவ்' என்று ஒரு உருப்படி இருக்கிறது. ஐந்தரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். நாலு நாலாகப் போட்டால் கை வழுக்கும். ஐந்து ஐந்தாகப் போடுங்கள். நீங்கள் கற்ற கண்ட சாபு தாளம் தக - தகிட என்று வரும். இது அதையே திருப்பிப்போட்டது, தகிட - தக, தகிட - தக. பியானோ அதையே விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் மேல் பால் டெஸ்மண்டின் சாக்ஸஃபோன் அலட்டிக்கொள்ளாமல் வந்து உட்காரும். இந்த மெட்டும் அவர் அமைத்ததுதான்.

நடுவில் ஜோ மொரெல்லோ டிரம்ஸைத் தனியாக வாசிக்கத் தொடங்குவார். அந்த இடத்தைக் கவனியுங்கள். பியானோ நிற்காது. அதே தகிட - தகவைத் தாங்கிக்கொண்டே இருக்கும். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகர் வாயை மூடிக்கொண்டு கையில் தாளம் போட்டுத் தருவார் இல்லையா? அதே வேலை. நான் மூன்று வருடம் மிருதங்கம் கற்றவன். எனக்கு ஜாஸ் என்ற வீட்டின் கதவு திறந்தது அந்த இடத்தில்தான். தேய்ந்துபோன ஒரு கேசட்டில், தெரிந்த அண்ணன் ஒருவர் பதிவு செய்து கொடுத்திருந்தார். அன்றைக்கு ராத்திரி அந்தப் பகுதியை மட்டும் எத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன் என்று கணக்கில்லை.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1958இல் அமெரிக்க அரசு இந்தக் குழுவை ஒரு நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. போலந்தில் தொடங்கி, துருக்கி வழியாக இந்தியா வரை. சென்னைக்கும் வந்தார்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து அவருடைய லயத்தைக் கேட்டார்கள். அதே பயணத்தில் துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கையை வைத்து புரூபெக் அமைத்த உருப்படியும் 'டைம் அவுட்' தட்டில் இருக்கிறது. தக தக தக தகிட என்று எண்ணினால் சரியாக விழும். முதல் உருப்படியே அதுதான்.

சரி, இப்போது உங்கள் மகனின் ஹெவி மெட்டல். இதைத் தள்ளிப்போட்டால் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

இந்த வகைக்கு ஊற்று என்று பெரும்பாலோர் சொல்வது பிளாக் சபாத் என்ற இங்கிலாந்துக் குழுவை. பர்மிங்காம் நகரத்தில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்த நாலு பையன்கள், 1968இல் சேர்ந்தார்கள். நீங்கள் கோவைக்காரர், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஃபவுண்டரியும் பட்டறையும் பிரஸ் மிஷினும் நிறைந்த ஊர் அது. கிட்டார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் ஒரு தகடு வேலை செய்யும் ஆலையில் இருந்தார். வேலையை விட்டுவிடப் போகிற கடைசி நாள். அன்றைக்கு மிஷினில் கை சிக்கி, வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதாவது தந்தியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான்.

கிட்டார் முடிந்தது என்றுதான் நினைத்தார். ஆலையில் அவருக்கு மேலே இருந்த ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் வாசித்தவர் ஜாங்கோ. அதைக் கேட்டபின் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி தானே செய்து, அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தியை அழுத்த வலித்ததால் மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு 1971 வாக்கில் தந்திகளின் சுருதியையே இறக்கித் தளர்த்திவிட்டார். சுருதி இறங்கியதும் கிட்டார் கனமாக, ஆழமாக ஒலித்தது. மகன் அறையிலிருந்து உங்களுக்குக் கேட்கும் அந்தக் கனத்தில், இந்த மனிதரின் விரல் வலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1970 பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் தட்டின் முதல் பாட்டைப் போடுங்கள். மழை, இடி, மணி ஓசை. அப்புறம் கிட்டாரில் மூன்றே ஸ்வரம். ஷட்ஜம் (ஸ), மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்யமம், அதாவது இரண்டு மத்யமங்களில் உயர்ந்த 'ம'. மெதுவாக, திரும்பத் திரும்ப. நமக்கு பிரதி மத்யமம் என்றால் கல்யாணி ராகம், மங்கலம், கல்யாண வீடு. ஐரோப்பியக் காதில் அதே இடைவெளி நெடுங்காலமாக அமைதியைக் கெடுக்கிற ஒன்றாகவே இருந்தது. ஒரே ஸ்வரம், அங்கே பயம், இங்கே மங்கலம். நீங்கள் பாடிப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

அதுவும் கனமாக இருந்தால், அதே வருடம் வந்த 'பாரனாய்ட்' தட்டில் 'பிளானட் கேரவன்' என்ற பாட்டு. கை முரசும் மெல்லிய கிட்டாரும், தண்ணீருக்கடியிலிருந்து வருவது போன்ற ஒரு குரலும். மெட்டல்காரர்களா இவர்கள் என்று கேட்பீர்கள். பாடியவர் ஆஸி ஆஸ்பர்ன். 2025 ஜூலை தொடக்கத்தில் நாலு பேரும் பிறந்த ஊரிலேயே, ஆஸ்டனில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஆஸியால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துதான் பாடினார். அடுத்த சில வாரத்திலேயே காலமானார். உங்கள் மகனுக்கு அந்த நாள் நினைவிருக்கும். கேட்டுப் பாருங்கள், சொல்வான்.

அடுத்து ரெகே, ஜமைக்கா தீவின் இசை வகை. பாப் மார்லி பெயர் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய குழுவான வெய்லர்ஸைக் கேட்டவர்கள் குறைவு. 1973இல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' தட்டைச் சொல்வேன். இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது பேஸ் கிட்டார். ஆஸ்டன் பேரட் பேஸ், அவர் தம்பி கார்ல்ட்டன் பேரட் டிரம்ஸ். தம்பி பல பாட்டில் சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், அடிக்கவே மாட்டார், அந்த இடத்தைக் காலியாக விட்டு மூன்றாவது எண்ணிக்கையில் கனமாக இறக்குவார். காலியான இடங்களில் அண்ணன் நடமாடுவார். ராஜா பாடல்களில் பேஸ் எப்படித் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது என்று கவனித்தவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். ஒரு வேண்டுகோள், இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராது. பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். சாதாரண இயர்ஃபோன் போதும், சத்தம் மிதமாக இருக்கட்டும்.

எலக்ட்ரானிக் இசைக்கு ஜெர்மனியின் டியூசெல்டார்ஃப் நகரத்து கிராஃப்ட்வெர்க். 1974இல் வந்த 'ஆட்டோபான்' நெடுஞ்சாலைப் பயணத்தை 22 நிமிடத்தில் சொல்கிறது. சேலம் ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்க எனக்கே பொறுமை வேண்டியிருக்கிறது, அதனால் இதை இப்போதைக்கு விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

ஆனால் இதை விடாதீர்கள். தினாரிவென். சஹாரா பாலைவனத்து துவாரெக் மக்களின் குழு. அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குப் பாலைவனங்கள் என்று அர்த்தம். குழுவை உண்டாக்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப் வடக்கு மாலியில் பிறந்தவர். 1963 கிளர்ச்சியின்போது அவர் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள், அப்போது அவர் சின்னப் பிள்ளை. அகதியாக அல்ஜீரியாவில் வளர்ந்தார். தகர டப்பா, ஒரு கம்பு, சைக்கிள் பிரேக் கம்பி, இவற்றை வைத்துத் தானே ஒரு கிட்டார் செய்துகொண்டார். 1979 வாக்கில் தமன்ராசெட் என்ற ஊரில் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார். ரேடியோ கிடையாது, கம்பெனி கிடையாது. யார் வெற்று கேசட் கொண்டுவந்தாலும் பாடிப் பதிவு செய்து கொடுப்பார்கள். அது கை மாறிக் கை மாறிப் பாலைவனம் முழுக்கப் போனது. வெளியுலகத்துக்கான முதல் இசைத்தட்டு வந்தது 2001இல்தான்.

2007இல் வந்த 'அமன் இமன்' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரே உயிர் என்று பொருள். கிட்டார்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக வரும், கைதட்டல் தாளமாக இருக்கும், ஒருவர் முதலில் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நம் நடவுப் பாட்டு அப்படித்தானே? பல பாடல்கள் ஐந்து ஸ்வரத்துக்குள் நிற்பதால் சுத்த தன்யாசி ராகத்தின் சாயல் உங்களுக்குத் தட்டுப்படும். பாஷை புரியாது. எனக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஊரை நினைத்துப் பாடுகிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டு கேளுங்கள். இத்தனை வருடத்தில் நான் யாருக்கெல்லாம் இதைக் கொடுத்தேனோ, அவர்களில் ஒருவர்கூட இரைச்சல் என்று சொன்னதில்லை.

கியூபாவின் பியூனா விஸ்டா சோஷியல் கிளப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996இல் ஹவானாவில் ஆறே நாளில் பதிவு செய்தது. வாசித்தவர்களில் பலர் மறக்கப்பட்ட முதியவர்கள். இப்ராஹிம் ஃபெரர் என்ற பாடகர் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். கொம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது. சமையல் செய்துகொண்டே கேட்கலாம், வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் போகாது. பியானோவை மட்டும் பின்தொடருங்கள், ரூபென் கொன்சாலஸின் விரல்.

கடைசியாக சக்தி. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் ஹுசேன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். எழுபதுகளில் தொடங்கிய குழு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு எல்லோரும் இதைத்தான் முதலில் கொடுப்பார்கள். நான் வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். முதலில் கேட்டால் என்ன ராகம், என்ன தாளம் என்று கண்டுபிடிப்பதிலேயே மனம் போய்விடும். மற்றவற்றைக் கேட்டுவிட்டு வந்தால், கிட்டார் ஒரு வரி சொன்னதும் கடம் அதை எப்படி வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்று காது தானாகப் போகும். 1975இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நேரடியாகப் பதிவு செய்த முதல் தட்டு போதும். பிந்தைய காலத்தில் அப்பாவின் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார். 2023இல் வந்த தட்டுக்கு மறு வருடம் கிராமி விருது கிடைத்தது. அந்த 2024 டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் மறைந்தார்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கேட்க வேண்டாம் அம்மா. வாரம் ஒரு தட்டு, அதையே மூன்று தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அப்புறம், மகன் அடுத்த தடவை பாட்டுக் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் பேஸ் வாசிப்பது யார்?" என்று கேளுங்கள். அவன் எந்தக் குழுவைக் கேட்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பெயரைக் கேட்டு அனுப்புங்கள். அடுத்த பதிவில் அவர்களுடைய ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, எந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது என்று சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம்.