மேப் இல்லாத காலத்துல ஆத்தை எங்க கடந்தாங்க? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. "அயர்லாந்து கிராமங்கள்ல பழைய ரோடு எப்படிப் போச்சு, ஆத்தை எங்க கடந்தாங்கன்னு பேசுறீங்களே, மேப்பே இல்லாத காலத்துக்கு இதை எப்படிச் சொல்றீங்க?" நல்ல கேள்விங்க.

முதல்ல ஊர்ப் பேரைத்தான் பார்ப்போம். ஐரிஷ்ல 'ஆஹ்'னா, ஆழம் கம்மியா இருக்கிற, கால்நடையா இறங்கித் தாண்டுற துறை. டப்ளினுக்கு ஐரிஷ்ல 'பாலிய ஆஹ கிளீஅ'ன்னு பேரு. குச்சியைப் பின்னித் தட்டி மாதிரி சேத்துல போட்டு, அது மேல நடந்து லிஃபி ஆத்தைத் தாண்டின துறை இருந்த ஊரு. ஷானன் ஆத்துல இருக்கிற அத்லோன்லயும் இதே 'ஆஹ்'தான். டிராஹெடான்னா 'துறையில இருக்கிற பாலம்'. முதல்ல தண்ணியில இறங்கிப் போனாங்க, பிறகு பாலம் வந்துச்சு, பேரு ரெண்டையும் விடல.

இதுல ஒரு சிக்கல் இருக்குங்க. இங்கிலீஷ் எழுத்தை வச்சு அர்த்தம் சொல்லப் போனா மாட்டிக்குவோம். மேயோ கவுண்டியில பாலினான்னு ஒரு ஊரு. 'பாலி'ன்னு ஆரம்பிக்கிற பேர்ல பெரும்பாலும் அதுக்கு 'ஊர்'னுதான் அர்த்தம், அதனால நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஐரிஷ்ல அது 'பேல் அன் ஆஹ', துறைவாய். மோய் ஆத்தங்கரை ஊரு, பொருத்தமாத்தானே இருக்கு! அதனால எப்பவும் ஐரிஷ் வடிவத்தைத் தேடிப் பிடிங்க.

பேருக்கு அடுத்தது மரம். ஷானன் கரையில க்ளான்மக்னாய்ஸ்னு பழைய கிறிஸ்தவ மடம். அங்க ஆத்துக்கு அடியில மரப்பாலத்தோட தூண்கள் கிடைச்சுது. மரத்துல இருக்கிற வளையங்களை வச்சுப் பார்த்தா, மரம் வெட்டினது கி.பி. 804.

அதைவிடப் பழசு லாங்ஃபோர்ட் கவுண்டியில கோர்லீ. சதுப்பு நிலத்துக்கு மேல ஓக் பலகையா அடுக்கிப் போட்ட ரோடு, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். மரம் வெட்டினது கி.மு. 148 வாக்குல. அவ்வளவு உழைப்பு! ஆனா பலகையோட கனத்துலயே பத்து வருஷத்துக்குள்ள சேத்துல அமுங்கிருச்சு. காத்து படாததால மக்கவே இல்ல. 1984ல, அடுப்பெரிக்கிற பீட் (செடிகொடி பாதி மக்கி உருவான சதுப்பு மண்ணு) வெட்டுற இடத்துலதான் வெளிய தெரிஞ்சுது. கோர்லீன்னா 'சாம்பல் நிற மேடு'. இந்த ஊர்ப் பேர்ல ரோட்டைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லைங்க.