நாலு மரத்தைப் பார்க்க நியூசிலாந்து போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறார்கள். மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். நியூசிலாந்தில் எடுத்த மாயாஜாலக் கதைப் படம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', அதன் மூன்று பாகமும் அவளுக்கு மனப்பாடமாம். நோட்டுப் புத்தகம் முழுக்க அந்த வாளும் கவசமும் வரைந்து வைத்திருக்கிறாளாம். தலைநகர் வெலிங்டனில் ஒரு நாள்தான் தங்கப்போகிறார்கள். அங்கே படம் எடுத்த இடங்களைக் காட்டும் அரை நாள் டூர் உண்டு. "ஏற்கெனவே போய் வந்த எங்கள் உறவினர், 'அங்கே ஒன்றுமே இல்லை, ஒரு பார்க், ஒரு குவாரி, நாலு மரம், அவ்வளவுதான், காசு தண்டம்' என்கிறார். போகலாமா, வேண்டாமா சார்?" இதுதான் கேள்வி.

போங்கள் அம்மா. கட்டாயம் போங்கள். அந்த உறவினர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. பார்க் இருக்கிறது, குவாரி இருக்கிறது, நாலு மரமும் இருக்கிறது. அந்த நாலு மரத்தை எப்படிப் பார்ப்பது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார்.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். ராமோஜி ஃபிலிம் சிட்டி பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். படம் எடுத்த இடத்துக்குப் போனால் கேமரா எங்கே நின்றது என்று தேடுங்கள். அந்த இடத்தில் போய் நின்று, கேமரா பார்த்த திசையில் பாருங்கள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, கேமரா பார்க்காமல் விட்டது என்ன என்று பாருங்கள். இது தெரிந்துவிட்டால் எந்த லொகேஷனும் ஏமாற்றாது.

வெலிங்டனில் மவுண்ட் விக்டோரியா என்று ஒரு குன்று. அந்நாட்டுப் பழங்குடிகளின் மாவோரி மொழியில் மட்டாய்ராங்கி. 196 மீட்டர் உயரம்தான். ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். முதல் பாகத்தில் கதையின் குள்ள மனிதர்களான ஹாபிட்கள் நாலு பேரும் மர வேருக்கு அடியில் ஒண்டிக்கொள்வார்கள், மேலே பாதையில் கறுப்புக் குதிரைக்காரன் வந்து நின்று மோப்பம் பிடிப்பான், ஞாபகம் இருக்கிறதா? அது அங்கே எடுத்ததுதான். 1999 அக்டோபர் 11, மூன்று பாகங்களுக்கும் சேர்த்து முதல் நாள் படப்பிடிப்பு அந்தக் குன்றில்தான் நடந்தது.

இப்போது போனால் ஒரு மண் பாதை இருக்கும், ஒரு மேடு இருக்கும், பைன் மரங்கள் இருக்கும். அந்தப் பெரிய வேர் இருக்காது. அது படக்குழு செய்து கொண்டுவந்து வைத்தது, முடிந்ததும் எடுத்துப்போய்விட்டார்கள். வழிகாட்டி பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுப்பார். படத்தில் அந்தக் காட்சி. அதைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு அடி முன்னே, அரை அடி இடது பக்கம் என்று நகர்ந்துகொண்டே வருவார். ஒரு இடத்தில் படத்திலிருக்கிற பாதையின் வளைவும் நேரில் இருக்கிற வளைவும் பொருந்திவிடும். "இங்கே நில்லுங்கள்" என்பார். நின்றால் உடம்பு சிலிர்க்கும். அதே நேரம் உங்களுக்குப் பின்னால் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுவார், கீழே ஊரின் வண்டிச் சத்தம் கேட்கும். நடுக்காடு, இருட்டப்போகிறது, யாரும் துணைக்கு இல்லை என்று நாம் நம்பினோமே, அது பஸ் ஓடுகிற தெருவுக்குப் பக்கத்தில் எடுத்த காட்சி. அந்தப் பயத்தை உண்டாக்கியது ஒரு பாதை வளைவும் கேமராவின் உயரமும்தான். உங்கள் மகள் படம் வரைகிறவள். அவளுக்கு இது ஒரு வகுப்பு மாதிரி.

இதற்கு இன்னொரு உதாரணம் ஹாபிட்டன், படத்தில் ஹாபிட்களின் ஊராக வருகிற செட். ஹாபிட் பற்றிய வீடியோவில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. அது வெலிங்டனில் இல்லை, வட தீவின் மேல் பாதியில், மட்டமட்டா என்ற ஊர்ப்பக்கம். வெலிங்டனிலிருந்து காரில் போனால் ஒரு பகல் போய்விடும். ஆக்லாந்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். அங்கே குன்றுகளில் அழகழகாக வட்டக் கதவுகள். எல்லாம் ஒரே அளவு கிடையாது. சில வீடுகள் சிறிய அளவில், சில கிட்டத்தட்ட முழு அளவில். மந்திரவாதி கண்டால்ஃப் நிற்கிற கதவு சின்னது, அதனால் அவர் நெட்டையாகத் தெரிவார். ஹாபிட் நிற்கிற கதவு பெரியது, அதனால் அவர் குட்டையாகத் தெரிவார். கேமரா நின்ற இடம் தெரிந்தால்தான் இது புரியும். தெரியாமல் போனால் கதவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

சரி, வெலிங்டனுக்கு வருகிறேன். ஊரைவிட்டு வடக்கே ஹட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போனால், சுமார் 45 கிலோமீட்டரில் கைட்டோக்கே என்று ஒரு காடு. கதையில் வருகிற எல்ஃப் என்ற தேவ இனத்தாரின் ஊரான ரிவெண்டெல் காட்சிகள் எடுத்த இடம். இங்கே ஒரு வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். நிறையப் பேர் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த வளைவு, பார்க்க வருகிறவர்களுக்காகப் பின்னாளில் வைத்தது. படத்துக்குக் கட்டிய செட் என்றைக்கோ போய்விட்டது. படத்தில் பார்த்த அருவிகள், செங்குத்துப் பாறைகள் எதுவும் அங்கே கிடையாது. அதெல்லாம் மினியேச்சரிலும் கணினியிலும் சேர்த்தவை. பிறகு என்ன இருக்கிறது? மரங்களும் பெரணிச் செடிகளும் ஆறும், இலைகளுக்கு நடுவே இறங்குகிற பச்சை வெளிச்சமும் இருக்கின்றன. அந்த வெளிச்சத்துக்காகத்தான் அங்கே போனார்கள் என்று நான் நினைக்கிறேன். செட்டை எந்த ஊரிலும் கட்டிக்கொள்ளலாம். வயதான மரங்களுக்குக் கீழே விழுகிற வெளிச்சத்தைக் கட்ட முடியுமா? இன்னொன்று, வெலிங்டன் ஊருக்குக் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு இந்தக் காட்டு ஆற்றிலிருந்துதான் போகிறது. வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

போகிற வழியில் குவாரி வரும். உறவினர் சொன்ன அதே குவாரிதான், டிரை க்ரீக் குவாரி. இன்றைக்கும் கல் உடைக்கிறார்கள், அதனால் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. இரண்டாம் பாகத்தில் கோட்டை முற்றுகை வருமே, ஹெல்ம்ஸ் டீப், அந்தக் கோட்டையை இங்கேதான் கட்டினார்கள். மாதக்கணக்கில் இரவு இரவாக, செயற்கை மழையில் நனைந்துகொண்டு எடுத்தார்கள். அது முடிந்ததும் அதே இடத்தில் மூன்றாம் பாகத்துக்கான மினாஸ் டிரித் நகரத்தைக் கட்டினார்கள்.

அந்தச் சண்டையில் ஓர்க் என்ற அரக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் ஒரே குரலில் கத்துவார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் எங்கே பதிவானது தெரியுமா? வெலிங்டனில் ஒரு கிரிக்கெட் மேட்சில். நியூசிலாந்தும் இங்கிலாந்தும் 2002-ல் ஆடிய ஒருநாள் ஆட்டம். இடைவேளையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்துக்கு வந்து, கத்த வேண்டிய சொற்களைப் பெரிய திரையில் காட்டி, சுமார் 25,000 ரசிகர்களைக் கத்த வைத்துப் பதிவு செய்தார். கிரிக்கெட் பார்க்க வந்த ஜனங்கள் ஓர்க் படையாகிவிட்டார்கள்! எனக்கு இந்தத் தகவல் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

அப்புறம் ஹார்கோர்ட் பார்க். அப்பர் ஹட் ஊரிலிருக்கிற பூங்கா. இதைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேச நினைக்கிறேன். 'போகலாமா' என்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். 'ஏன் அங்கே ஒன்றுமே இல்லை' என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இந்தப் பூங்காவில்தான், மந்திரவாதி சாருமானின் கோட்டையான ஐசன்கார்டின் தோட்டம் எடுத்தார்கள். கண்டால்ஃப் குதிரையில் வருவதும், சாருமானோடு நடந்துகொண்டே பேசுவதும் இங்கேதான். அதற்காகப் புல்வெளியில் ஒரு பாதை போட்டார்கள். முடிந்ததும் பாதையைப் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி புல் பதித்துவிட்டார்கள். இன்று நீங்கள் போனால் பிள்ளைகள் விளையாடுவார்கள், குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருக்கும். தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கக் கூடாது. ஏனென்றால் அது ஊர் ஜனங்களின் பூங்கா. மவுண்ட் விக்டோரியா நகரசபை நிலம். கைட்டோக்கே ஊருக்குத் தண்ணீர் தருகிற பொதுக் காடு. படக்குழு விருந்தாளியாக வந்தது, வேலை முடிந்ததும் இருந்தது இருந்தபடி வைத்துவிட்டுப் போனது. நம் தெருவில் கல்யாணப் பந்தல் பிரித்த பிறகு பந்தக்கால் குழியை மண் போட்டு மூடி, மிதித்துவிட்டுப் போகிற வீட்டுக்காரரை எல்லாருக்கும் பிடிக்கும் இல்லையா, அந்த மாதிரி. அதனால் அந்த வெறும் புல்வெளியைப் பார்க்கும்போது எனக்கு ஏமாற்றமே வரவில்லை, மரியாதைதான் வந்தது.

ஹாபிட்டன் மட்டும் எப்படி நிற்கிறது? அது ஒரு குடும்பத்தின் ஆட்டுப் பண்ணை, தனியார் நிலம். 1998-ல் விமானத்தில் இடம் தேடிப் போனபோது கண்ணில் பட்டது. முதல் முறை கட்டியது ஒட்டுப்பலகையும் தெர்மாகோலும் வைத்துக் கட்டிய தற்காலிக செட். படம் முடிந்ததும் அதையும் பிரிக்கத்தான் செய்தார்கள். நடுவில் மழை பிடித்துக்கொள்ள வேலை நின்றது. 17 வெறும் முகப்புகள் மிச்சம். அதைப் பார்க்கவே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். 2002-ல் டூர் தொடங்கியது. பிறகு 'ஹாபிட்' படங்களுக்காகத் திரும்பவும் கட்டும்போது நிலைத்து நிற்கிற பொருள்களிலேயே கட்டினார்கள். மழையும் பண்ணைக்காரரும் சேர்ந்து காப்பாற்றிய ஊர் அது. அதன் அழகு வேறு. ஹாபிட்டனைப் பார்த்துவிட்டு, அதே எதிர்பார்ப்போடு வெலிங்டன் டூருக்குப் போகிறவர்கள்தான் 'ஒன்றுமே இல்லை' என்று திரும்புகிறார்கள்.

ஹார்கோர்ட் பார்க்கில் இன்னொன்று பார்க்க வேண்டும். வெலிங்டன் நிலப்பிளவு அந்தப் பூங்கா வழியாகத்தான் போகிறது. பழைய ஆற்றுப்படுகைகள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்தப் படிகள் பிளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நகர்ந்து நிற்கும். பூகம்பங்கள் நகர்த்தியவை. அதைப் பார்க்கவே புவியியல் படிக்கிற மாணவர்கள் வருகிறார்கள். மந்திரவாதியின் தோட்டம் போட்ட மண்ணுக்குக் கீழே இப்படி ஒரு கதை.

இப்போது நடைமுறை. அரை நாள் டூரில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று ஊருக்குள்ளேயே, மவுண்ட் விக்டோரியாவும் மிராமார் என்ற நகர்ப் பகுதியும். இன்னொன்று ஹட் பள்ளத்தாக்கு வழியாகக் கைட்டோக்கே வரை. உங்களுக்கு ஒரு நாள் இருப்பதால் காலையில் பள்ளத்தாக்கு டூரை எடுங்கள். கைட்டோக்கேவுக்கு வண்டி இல்லாமல் போவது சிரமம், வழிகாட்டியோடு போவதுதான் புத்திசாலித்தனம். மே மாதம் அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் இருட்டிவிடும். மதியத்துக்கு மேல் அந்தக் காட்டில் நான் சொன்ன வெளிச்சம் கிடைக்காது. காற்றுக்கும் மழைக்கும் தாங்குகிற ஜாக்கெட் கட்டாயம். வெலிங்டன் காற்று பேர்போனது.

மதியம் நீங்களே மிராமாருக்குப் போய்விடலாம், டவுன் பஸ் இருக்கிறது. அங்கே வெட்டா வொர்க்ஷாப். படத்தின் ஆயுதங்கள், கவசங்கள் செய்த பட்டறை. உள்ளே சுற்றிப் பார்க்கத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் மகளிடம் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். சங்கிலிக் கவசத்தைக் காட்டச் சொல்லுங்கள். திரையில் இரும்பு வளையம் மாதிரி மின்னும். கிட்டே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் குழாயை மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் கோர்த்து, மேலே வெள்ளி நிறம் ஏற்றியிருப்பார்கள். ஒன்றேகால் கோடி வளையங்கள். அந்த வேலையிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விரல் ரேகையே தேய்ந்துபோனதாகச் சொல்வார்கள். கேமரா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரும்பு, பக்கத்தில் போனால் குழாய் நறுக்கு. மறுபடியும் அதே விஷயத்துக்குத்தான் வருகிறேன், பார்த்தீர்களா?

கிளம்புவதற்கு முன்னால் முதல் பாகத்தை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், மூன்றையும் பார்க்க வேண்டாம். மகளை மூன்று நாலு காட்சிகளைப் பென்சிலில் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். வழிகாட்டியிடம் அந்த ஓவியத்தைக் காட்டி "இதற்குக் கேமரா எங்கே நின்றது?" என்று அவளே கேட்கட்டும். அவளுக்கு ரொம்பப் பிடித்த காட்சி எது என்று கமெண்டில் எழுதுங்கள் அம்மா. வெலிங்டன் பக்கத்தில் எடுத்ததாக இருந்தால் எந்த இடம் என்று அடுத்த வாரமே சொல்கிறேன்.

சரி, அடுத்த கேள்வி மதுரையிலிருந்து.