17 சதவீதம் வாங்கி செனட்டரான சட்டப் பேராசிரியர்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரு வாத்தியார் கதை. சிலி நாட்டுக்காரர், பெயர் ஹைமே குஸ்மான். சாண்டியாகோவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டம் நடத்தியவர், பெரிய கண்ணாடி, தீவிர மதப்பற்று. மாணவராக இருக்கும்போதே, 1960களின் கடைசியில், இடதுசாரிகளுக்கு எதிராக வளாகத்துக்குள் ஓர் இயக்கத்தைக் கட்டிவிட்டார்.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் இடதுசாரி ஜனாதிபதி அயெந்தேவின் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்த மாதம் முடிவதற்குள் புது அரசியலமைப்புக்கு ஒரு குழு போட்டார்கள், அதில் குஸ்மானும் ஒருவர். வயது 27. அந்த வயதில் நான் வாடகை ஒப்பந்தத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்டவன்.

இவருடைய அரசியல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, 3,000 பேருக்கு மேல் கொன்ற, காணாமல் போகச் செய்த ஆட்சிக்கு அறிவுரை சொன்னவர். ஆனால் மற்றவர்கள் அந்த ராணுவ ஆட்சியின் தலைவர் பினோசே என்ற ஆளை நம்பியிருந்தபோது, இவர் பினோசே போன பிறகு என்ன ஆகும் என்று யோசித்தார். எதிரிகளே ஆட்சிக்கு வந்தாலும் நம் வழியிலிருந்து ரொம்ப விலக முடியாதபடி களம் இருக்க வேண்டும் என்று 1979இல் வெளிப்படையாகவே எழுதினார். அப்படித்தான் செய்தார்கள். முக்கியமான சட்டங்களை மாற்ற சாதாரணப் பெரும்பான்மை போதாது, அப்புறம் தேர்தலே இல்லாமல் நியமிக்கப்படும் செனட்டர்கள். 1980இல் இந்த அரசியலமைப்புக்கு மக்கள் வாக்கெடுப்பு வேறு, வாக்காளர் பட்டியலே இல்லாமல்!

சரி, 1988இல் மக்கள் பினோசேவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தேர்தல். அந்த ஆட்சி போகும்போது வைத்துவிட்டுப் போன முறையில் ஒரு தொகுதிக்கு இரண்டு இடம், முதல் அணி இரண்டாவது அணியைப் போல இரண்டு மடங்கு வாங்கினால்தான் இரண்டும் கிடைக்கும், இல்லையென்றால் ஆளுக்கு ஒன்று. குஸ்மான் நின்ற தொகுதியைப் பாருங்கள். எதிரணியில் சல்திவாருக்குச் சுமார் 31 சதவீதம், ரிகார்தோ லாகோஸுக்குச் சுமார் 30. குஸ்மானுக்கு 17. எதிரணி மொத்தம் 62, இவர் அணி 32. இரண்டு மடங்குக்கு 64 வேண்டும், கொஞ்சத்தில் போய்விட்டது. 30 வாங்கிய லாகோஸ் வெளியே, 17 வாங்கிய குஸ்மான் உள்ளே. நான் இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நம்ப முடியவில்லை.

செனட்டர் ஆன பிறகும் பாடம் நடத்துவதை அவர் விடவில்லை. 1991 ஏப்ரல் 1, வகுப்பை முடித்துக் காரில் வளாகத்திலிருந்து வெளியே வந்தபோது ஓர் ஆயுதந்தாங்கிய இடதுசாரிக் குழு சுட்டுக் கொன்றது. வயது 44.

அவர் போனாலும் அவர் எழுதியது போகவில்லை. 2005இல் அதைப் பெரிதாகத் திருத்தி, நியமன செனட்டர்களை நீக்கி, பினோசேவின் கையெழுத்து இருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார் அப்போதைய ஜனாதிபதி. யார் தெரியுமா? அதே லாகோஸ்.

2020இல் 78 சதவீதம் பேர் புதிதாகவே எழுதலாம் என்றார்கள். 2022இல் இடதுசாரிகள் கை ஓங்கிய ஒரு வரைவு வந்தது, தோற்றது. 2023இல் வலதுசாரிகள் கை ஓங்கிய இன்னொன்று, அதுவும் தோற்றது. ஆக, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, அந்த 1980ஆம் ஆண்டுச் சட்டையைத்தான் சிலி இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது.