அரக்கனுக்கு விதி எழுதுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

வேடமிட்டு, நுரை சுற்றிய வாளேந்தி, திறந்த வெளியில் அணி பிரிந்து பொருதும் விளையாட்டுகளில் டகோர்ஹிர் 1977இலும் ஆம்ட்கார்டு 1983இலும் அமெரிக்காவில் தோன்றின. வாளால் தலையில் அடிக்கக் கூடாது, கையில் பட்டால் அந்தக் கை போயிற்று, உடம்பில் பட்டால் ஆள் வீழ்ந்தான் என்பதே அடிப்படை. கொழிஞ்சாம்பாறைக்கு அருகே அறுவடை முடிந்த வயலில் நாங்களும் அவ்வாறே ஆடுகிறோம். மனிதரும் மனிதரும் மோதும்வரை சிக்கலில்லை. அரக்கனைக் களத்தில் இறக்கும்போதுதான் விதி எழுதுவது கடினமாகிறது.

அரக்கனின் பலத்தை எழுதுவதற்கு முன், அவனை வீழ்த்தும் வழியை எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனிதரைப் பொருட்படுத்தாமல் வரம் கேட்ட இராவணன் மனிதனாலேயே மாண்டான் அல்லவா?

எங்கள் முதல் அரக்கனும் இராவணன்தான். இடுப்பில் பத்துச் சிவப்பு நாடாக்களைச் செருகிக்கொள்வான். உடம்பில் விழும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நாடாவை உருவி எறிவான். அறுந்த தலை மீண்டும் முளைத்த கதைக்கேற்ப, நூறு எண்ணும்வரை அடிபடாமல் இருந்தால் ஒரு நாடாவைத் திரும்பச் செருகிக்கொள்ளலாம் என்று வைத்தோம். அது பெரும் பிழையாயிற்று. அவன் வரப்பு தாண்டி ஓடி, மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, புதிய தலையோடு திரும்பி வந்தான். எண்ணினானா இல்லையா என்று எவருக்கும் தெரியவில்லை, நடுவருக்கும் தெரியவில்லை. பிறகு விதியை மாற்றினோம்: தலை முளைக்க வேண்டுமானால் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, முப்பது வரை உரக்க எண்ண வேண்டும். அன்று மாலை "பதினேழு, பதினெட்டு" என்ற குரல் வைக்கோற்போருக்குப் பின்னிருந்து கேட்டதும், சிதறி நின்ற நால்வர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றாய்ப் பாய்ந்த காட்சியை என்னால் மறக்க முடியாது.

வாலியின் வரம் இதைவிட நுட்பமானது. எதிர்நிற்பவரின் பலத்தில் பாதி அவனுக்குப் போய்விடும் என்பதைக் கணக்காக எழுதினால் போரின் நடுவே எவராலும் கணக்கிட முடியாது. ஆகவே, அவன் முன்னால் வந்து நிற்பவர் வாள், கேடயம் இரண்டில் ஒன்றைக் கீழே போட்டுவிட வேண்டும் என்று வைத்தோம்; பின்னாலிருந்து அடிப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கதை தெரிந்த பிள்ளைகளுக்கு, ஒருவர் முன்னின்று இழுக்க இன்னொருவர் மறைந்து வர வேண்டும் என்று தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

அரக்க வேடத்தை யாருக்குத் தருவது என்பதிலும் நான் கண்டிப்பானவன். முகமூடிக்குள் பக்கப்பார்வை குறையும். பங்குனி வெயிலில் மூச்சு முட்டும். பலம் கூடுதலாயிருப்பதால் கை ஓங்கத் தோன்றும். எனவே அடியை அளந்து போடத் தெரிந்த மூத்த ஆட்டக்காரருக்கே அவ்வேடத்தைத் தருகிறோம், பத்து நிமிடத்துக்கொரு முறை முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடிக்கச் செய்த பிறகே மறுபடியும் களத்தில் விடுகிறோம்.

வணக்கம்.